வாசலில் தொங்கிய பை

துறைமுகக் கிளாக்கர் பேர்னாட்டின் மகள் செலீன் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பித்தாள். கருத்தரிக்க முன்னரே தாயின் மனதையும் பழக்கவழக்கங்களையும் சீராக்க வேண்டும் என்பது அவளுடைய ஆய்வு. அதற்காகப் போர் நடந்த தொண்ணூற்றேழில், கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி, வாரந்தோறும் வெள்ளவத்தைக்குப் போவாள்.

அங்கே ஒரு மாடி அறையில் சிவமணியும் கணவனும் வாடகைக்கு இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவளுக்கு இரண்டு தரம் கரு கலைந்திருந்தது. நித்திரைக் குளிசை போடாமல் கண் மூடாது. அதை விட்ட பிறகுதான் அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்று டொக்டர் சொல்லி, படிப்படியாகக் குறைக்கவும் தொடங்கியிருந்தார். குளிசையின்றி நித்திரை கொள்ளப் பழக்குவது செலீனின் பொறுப்பு.

சிவமணி வெளியே போகும் உடுப்போடுதான் படுப்பாள். எழும்பி எழும்பிப் பூட்டைத் தொட்டுப் பார்ப்பாள். சோதனையில் உடனே காட்டாவிட்டால் ஆளைப் பிடித்துப் போவார்கள் என்று, கணவனின் அடையாள அட்டையும் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவும் உள்ள பை வாசற்கதவிலேயே தொங்கும். இவையெல்லாம் பயத்தைத் தணிக்கவில்லை, தீனி போட்டு வளர்க்கின்றன என்றாள் செலீன். ஒவ்வொன்றாக விடவைத்தாள். பை மட்டும் மிஞ்சியது.

“அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ.”

“செக்கிங் வந்தா?”

“வந்தாத் திறந்து எடுக்கலாம்தானே.”

“உங்களுக்கென்ன மிஸ், உங்கட கோயில் அந்தோனியார் பக்கத்திலேயே காவல் இருக்கிறார். எங்களை ஆர் பாக்கிறது?”

கணவன் உள்ளேயிருந்து சிரித்தான். “நான் பாக்கிறன். நீர் முதல்ல ஒருக்காக் குறட்டை விடும், பாப்பம்.”

முறையில் பிழையில்லை. பயம் பொய்யாக இருக்கும் ஊர்களில் உருவான முறை அது. செலீனுக்கு அது தெரியும். தெரிந்ததை யோசிக்க அவள் விரும்பவில்லை.

பை அலுமாரிக்குள் போனது. சிவமணி குளிசையை விட்டாள். நித்திரையும் வந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் செலீன் போனபோது அறைக்கதவு திறந்து கிடந்தது. அலுமாரிப் பூட்டு உடைந்து தொங்கியது. சிவமணி பையை மடியில் வைத்தபடி கதிரையில் இருந்தாள்.

“நேற்று விடியப்புறம் செக்கிங்குக்கு வந்தவங்கள், மிஸ். தட்டினது எனக்குக் கேக்கேல்லை. அவ்வளவு நல்ல நித்திரை. இவர்தான் போய்த் திறந்தவர். எனக்கு எங்கை தேடியும் அலுமாரிப் பூட்டின்ர திறப்பு அம்பிடேல்லை. உடைச்சு எடுக்க முந்தி இவரை ஏத்தின ட்ரக் வெளிக்கிட்டிட்டுது. பையோட பொலிசுக்குப் போனனான். அப்பிடி ஒருத்தரும் இல்லையாம்.”

செலீனின் பார்வை மேசையிலிருந்த குளிசைப் போத்தலுக்குப் போனது.

“ராத்திரியும் குளிசை போடேல்லை. தொடவே இல்லை.” சிவமணி வயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நாள் தள்ளிப்போச்சு, மிஸ்.”

படியில் கனத்த காலடிகள் கேட்டன. இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். செலீனின் விரல்கள் தன் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடின. காலடிகள் பக்கத்து அறை வாசலில் நின்றன. பாண்காரன் விலை சொல்லும் குரல் கேட்டது.

செலீன் மெல்ல உட்கார்ந்தாள்.

“பை இனி வாசல்லயே தொங்கட்டும்,” என்றாள்.

“ஆருக்கு, மிஸ்?”