விலைக்கு வாங்கியது என்று சொன்னார்

அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்று மதுரை டாக்டர் சொன்னபோது அப்பா ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எண்பதுகளின் கடைசி அது. ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்ய வாராவாரம் மதுரைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார்.

வேறு சிறுநீரகம் பொருத்தலாம் என்றார் டாக்டர். ஆனால் உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும், வயதானவர்களுக்கு அதுதான் ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மகளான என் ரத்தம் சேரவில்லை. ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்த அண்ணன் பரிசோதனைக்கே வரவில்லை. தனக்குச் சின்னப் பிள்ளைகள் இருப்பதாகவும் மாமனார் கூடாது என்கிறார் என்றும் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாவிடம் யாருமே கேட்கவில்லை. என்னுது சேருமா என்று அவளாகத்தான் டாக்டரிடம் கேட்டாள். சேர்ந்தது.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. அப்பா சீக்கிரமே எழுந்து உட்கார்ந்தார். சாப்பாட்டில் ருசி தெரிகிறது என்றார். அம்மாவுக்கு விலாவைச் சுற்றி நீளமான வெட்டு. இருமினால் உயிர் போகும். ஊர் திரும்பிய பிறகும் வெகுநாள் அவளால் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை.

பார்க்க வந்தவர்களிடம் அப்பா, சென்னையில் யாரோ ஒருவனிடம் விலைக்கு வாங்கியது என்று சொன்னார். அம்மா ஏன் இப்படி நடக்கிறாள் என்று கேட்டவர்களிடம், கர்ப்பப்பை ஆபரேஷன் என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் போனதும் ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பின்ன? பொண்டாட்டி உறுப்ப வச்சுக்கிட்டு உசுரோட திரியுதான்னு ஊரு சிரிக்கணுமா?" என்றார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மருந்தில் அப்பாவின் முகம் உப்பிப் பளபளத்தது. ஆள் தேறிவிட்டார் என்று கடைவீதியில் சொன்னார்கள். சர்க்கரையும் வந்து சேர்ந்தது. கூட்டத்தில் போகக்கூடாது என்று சொல்லியிருந்தும் கல்யாண வீடு ஒன்றையும் விடவில்லை. அம்மா தடுத்தால், எனக்கு வாழ்வு கொடுத்துவிட்டோம் என்ற திமிரா என்று கேட்பார். அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான் அது அவளுடையது என்பதை அவளிடமே வாய்விட்டு ஒத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாலைதோறும் காய்ச்சல் வந்தது. சளி என்று இங்கேயே ஊசி போட்டுக்கொண்டார். மதுரைக்குக் கொண்டுபோனபோது நெஞ்சு முழுக்கக் காசநோய் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்.

டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார், சிறுநீரகம் கடைசி வரை நன்றாக வேலை செய்தது என்று. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"நல்லாத்தான இருக்குங்காரு. எடுத்துத் திரும்ப எனக்கே வச்சுர முடியுமான்னு கேளு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. டாக்டர் காதில் விழுந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

துக்கத்துக்குச் சேத்தூரிலிருந்து வந்த அப்பாவின் பங்காளி ஒருவர், அம்புட்டுக் காசு கொடுத்து வாங்கியும் மனுசன் நிலைக்கவில்லையே என்று அங்கலாய்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மா மூலையிலிருந்து பேசினாள்.

"யாருகிட்டயும் வாங்கல. அது என்னுது. நான் குடுத்தேன்."

உண்மை தெரிந்த அண்ணன்தான் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். வெளியே வந்து பங்காளியிடம் தாழ்ந்த குரலில், துக்கத்தில் அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். அவர், பாவம் என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். தாய்க்காகப் பேசுகிறாள் மகள் என்று அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு ஆலங்குளத்துக்கு வந்து இருக்கும்படி அண்ணன் பலமுறை ஆள் அனுப்பினான். அம்மா போகவில்லை.