தண்ணீருக்காக நான் செய்த பொல்லாத ஜெபம்

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விரலை விட்டுத்தான் பிரித்தேன். கர்த்தருக்குள் அன்பான தாய்மார்களே, தகப்பன்மார்களே, தங்கம் வெட்டுகிற ஊரில் இருந்துகொண்டு நான் அவரிடம் கேட்டது தங்கம் இல்லை. ஒரு வாய்த் தண்ணீர். அதற்காக நான் செய்த ஜெபத்தை இத்தனை வருஷமாக இந்தச் சபையில் முழுசாகச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

இந்த ஊருக்குக் கரண்டு விளக்கு வருவதற்கு முந்தின வருஷம், மார்கழி மாதம். சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த கூலி லைனில், மூங்கில் தட்டி கட்டிய குடிசையில் நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும் இருந்தோம். எனக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி கண்டு, மருத்துவச்சி என் பிராணனைப் பிடுங்கித்தான் பெண் குழந்தையை எடுத்தாள். ரத்தம் நிறையப் போயிற்று. பழைய புடவையால் வயிற்றை இறுக்கிக் கட்டி, மூலையில் படுக்க வைத்து, மாமியார் முதலில் செய்த வேலை தண்ணீர்க் குடத்தை வாசல் பக்கம் தள்ளி வைத்ததுதான்.

"பச்ச ஒடம்புடி. தண்ணி குடிச்சா ஜன்னி கண்டு செத்துப்பூடுவே. எம் பொண்ணு அப்டித்தான் பூட்டா. ஒம்போது நாளு பல்லக் கடிச்சிக்கினு கெட."

சுக்கும் மிளகும் இடித்த மருந்து உருண்டை கொடுத்தார். கருவாட்டுக் குழம்பும் ஒரு பிடி சோறும் கொடுத்தார். தொண்டை நெருப்பாக எரிந்தது. அதன்மேல் காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் வந்ததும் மருத்துவச்சி, "பாத்தியா, இப்பவே இப்டி. தண்ணி மட்டும் காட்டிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவி! பால் சரியாக ஊறவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். நான்காம் நாள் அந்த அழுகையும் பூனைக்குட்டிச் சத்தமாகக் குறைந்துபோனது.

தினமும் குளிப்பாட்டுவார்கள். வேப்பிலை போட்டுக் கொதித்த வெந்நீரை இடுப்பில் அறைந்து அறைந்து ஊற்றுவார்கள். குடம் குடமாகத் தண்ணீர் என்மேல் ஓடும், ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. ஒருநாள் என் புஜத்தில் வழிந்ததை நக்கினேன். மாமியார் வாயிலேயே ஒரு அறை விட்டார். உதடு கிழிந்து, அந்த ரத்தத்தையும் நான் விழுங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஈரமாக இருந்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவர் காலைப் பிடித்தேன். ஒரே ஒரு வாய் என்றேன். "அம்மா சொல்றது நல்லதுக்குத்தான் சொல்லுது. இன்னா, இன்னும் நாலு நாளுதானே" என்றார். சொல்லிவிட்டு, என் எதிரிலேயே ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவர் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நான் ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, சிலுவையில் நீரும் தண்ணீர் கேட்டீரே. இந்த மனுஷனுக்கு என் தாகத்தைக் காட்டும். அவர் நாக்கும் ஒட்டட்டும்." என் வயிறு எரிந்து கேட்டேன். ஆமென் என்றும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் லைனே அலறியது. சுரங்கத்துக்குள் பாறை சரிந்து நாலு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அதில் என் வீட்டுக்காரர் ஒருவர். பக்கத்துக் குடிசை முனுசாமி இன்னொருவர். முனுசாமியின் பெண்டாட்டி கன்னியம்மா ஆறு மாதக் கர்ப்பிணி. அவளும் என் மாமியாரும் தலைவிரி கோலமாகச் சுரங்க வாய்க்கு ஓடினார்கள். ஐந்து நாளில் முதல் தடவையாக என்னைக் காவல் காக்க வீட்டில் யாரும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாலி கட்டினவர் மண்ணுக்கடியில் கிடக்கிறார், நான் குடத்துக்குத் தவழ்ந்து போனேன். சொம்பைத் தேடக்கூடப் பொறுமை இல்லை. குடத்தைச் சாய்த்து வாய் வைத்துக் குடித்தேன். மூச்சு முட்டக் குடித்தேன். பசு குடிப்பது போலக் குடித்தேன். வயிறு நிறைந்த பிறகுதான் நான் செய்த ஜெபம் நினைவுக்கு வந்தது. ஐயோ! அங்கேயே முகங்குப்புற விழுந்து, "ஆண்டவரே, காட்டியது போதும். அவரைக் கொடுத்துவிடும்" என்று கதறினேன்.

மறுநாள் மாமியார் உடுப்பு மாற்ற வந்தவர் காலிக் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எம் புள்ளையும் பூட்டான், நீயும் சாவு" என்று திட்டிவிட்டுத் திரும்ப ஓடினார். நான் சாகவில்லை. அன்று இரவே வேர்த்துக் காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த நாள் மார்பில் பால் கசிந்தது. குழந்தை வாய் வைத்து, முதல் தடவையாக வயிறு நிறைந்து தூங்கியது.

பாறை சரிந்த மூன்றாம் நாள் கல்லை விலக்கி மூன்று பேரை உயிரோடு எடுத்தார்கள். முனுசாமியைப் பிணமாக எடுத்தார்கள். என் வீட்டுக்காரரால் பேச முடியவில்லை. நாக்கு தடித்துப் போயிருந்தது. பேச வந்ததும் முதலில் தன் தாயிடம்தான் பேசினார். "முனுசாமி சாவுற வரைக்கும் தண்ணி தண்ணின்னுதான் சொன்னான். அவளுக்குத் தண்ணி குடும்மா." பிறகு என்னைப் பார்த்து அழுதார்.

கல் சரிவது சுரங்கத்தில் நடக்கிறதுதான், ஆண்டவர் அப்படிப் பழி வாங்குகிறவர் அல்ல என்று போதகர் ஐயா எனக்குச் சொன்னார். இருக்கட்டும். ஆண்டவர் செவிகொடுத்தது என் தாகத்துக்கா, என் சாபத்துக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் என்னைப் பிழைக்க வைத்தார், என் பிள்ளையையும் அவள் தகப்பனையும் கொடுத்தார். இது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அதற்காக என் மூச்சு உள்ள மட்டும் அவரைத் துதிப்பேன்.

மூன்று மாதம் கழித்துக் கன்னியம்மா பிள்ளை பெற்றாள். அவளுக்கும் குடத்தைத் தூர வைத்தார்கள். நான் ஒரு சொம்பு நிறைய ஆறின வெந்நீர் எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உதடு வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. நான் செய்த ஜெபத்தைச் சொல்லி, "உன் புருஷன் என்னாலதான் பூட்டாரோன்னு பயமா இருக்குது கன்னியம்மா" என்று அழுதேன். அவள் சொம்புக்குக் கையை நீட்டினாள்.

"தண்ணிய மொதல்ல குடு. அப்பறம் அழு" என்றாள்.

அன்றையிலிருந்து எங்கள் லைனில் எந்தப் பச்சை உடம்புக்காரி வீட்டுக்கும் நான் சொம்போடு போகிறேன். திட்டுகிறார்கள். ஒருத்தி துடைப்பத்தையும் தூக்கினாள். குடித்ததனால் ஜன்னி கண்டவளை நான் இதுவரை பார்க்கவில்லை.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். கோபத்தோடு கூப்பிட்டாலும் அவர் கேட்கிறார். அதனால் பயந்து கேளுங்கள். என்னை வருத்தியவர்களும் நல்லதென்று நினைத்துத்தான் வருத்தினார்கள். இப்போதும் மூன்றாம் லைனில் ஒரு பெண் பிள்ளை பெற்று நாலு நாளாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். அவளுடைய மாமியார் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அம்மா, ஆராதனை முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். எழுந்து வீட்டுக்குப் போங்கள்.