அண்ணனுக்கு நான் தேர்ந்தெடுத்த டார்க் ரெஞ்ச்

எங்கள் அண்ணன் அம்பாசமுத்திரத்தில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. மத்திய அரசில் குமாஸ்தா வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவர், சரோஜினி நகரில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு தங்கி, ஊரில் இருந்த அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். நான் பொறியியல் படித்தது அவர் சம்பளத்தில். அவருடைய நேர்மை, பொறுமை, விருந்தோம்பல் பற்றி இந்த நினைவு மலரின் மற்ற பக்கங்களில் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. எனக்கு ஒரு பக்கம் தந்த மதினி, அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் தன் காரை எந்த மெக்கானிக்கிடமும் விடமாட்டார். படித்து முடித்து நான் டெல்லிக்கு வந்த புதிதில், அவருடைய முதல் காரின் சக்கர நட்டை முடுக்கச் சொன்னார். நன்றாக இறுகட்டும் என்று ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். போல்ட் முறிந்தது. அண்ணன் சிரித்தார். அன்று சிரித்தது நியாயம். ஆனால் அந்தக் கதையை அவர் எல்லா விசேஷத்திலும் சொன்னார். என் மகள் நிச்சயதார்த்தத்தில், புதுச் சம்பந்தி வீட்டார் முன்னால், என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டு இன்ஜினியர் கையில மட்டும் ஸ்பேனரக் குடுத்துராதீங்க, போல்ட முறிச்சிருவான்." கூடமே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதே கூட்டம் இவரைப் பார்த்து ஒரு நாள் சிரிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

வழி தானாக வந்தது. ஓய்வுக்குப் பின் ஒரே அடுக்ககத்தில் குடியிருந்ததால் ஒன்றைக் கவனித்தேன். அண்ணனுக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று அறிய பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வண்டி மேல் அவ்வளவு பாசம் என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். உண்மை மதினிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்களிடமும் அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன், "நீ படிச்சவன்லா, நல்ல டார்க் ரெஞ்சாப் பாத்து வாங்கிட்டு வால" என்றார். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அந்த அளவோடு முடுக்க உதவும் கருவி அது. காஷ்மீரி கேட்டில் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் முள் நகர்ந்து அளவைக் காட்டும். மற்றதில் அளவை முதலிலேயே வைத்துவிட்டு முடுக்கினால், அந்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

"பாபுஜி, இஸ்மே தேக்னா ஹை, உஸ்மே சுன்னா ஹை" என்றார் அவர். இதில் பார்க்க வேண்டும், அதில் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியதை வாங்கினேன். அதிலும் பெரியதாக வாங்கினேன். பெரிய ரெஞ்சில் சக்கர நட்டை முடுக்கினால் அந்தச் சொடுக்கு கையிலேயே உதைக்கும். காது கேட்காதவருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஸ்பார்க் பிளக்குக்கு லேசான இறுக்கம் போதும். அவ்வளவு குறைந்த அளவில் கைக்கு எதுவும் தெரியாது. சத்தம் மட்டும்தான் வரும். பிளக்குக்கென்று சின்ன ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பூஜைக்கு முந்தைய ஞாயிறு. கீழே கார் நிறுத்துமிடத்தில் அண்ணன் வண்டியைச் சுற்றி வழக்கம்போல் உறவுக்காரர்கள் நின்றிருந்தார்கள். நான் பரிசாகக் கொடுத்த ரெஞ்சை எல்லோரிடமும் பெருமையாகக் காட்டிவிட்டு, அண்ணன் பிளக்கை முடுக்கினார். டிக். எல்லோருக்கும் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. இன்னொரு டிக். போதும் என்று யாரோ சொன்னதுகூட அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே மரை பிய்ந்துபோய், பிளக் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றியது. அவர் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அவருக்கும் எட்டும்படி உரக்கவே சொன்னேன். கூட்டம் சிரித்தது. எனக்கு அது இனித்தது. மூன்று நாள் இனித்தது.

நாலாம் நாள் அண்ணன் என் வீட்டுக்கு ரெஞ்சோடு வந்தார். "கருவி நல்ல கருவிதாம்ல. நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார். அதை எடுத்து வைக்கும்போது பிடியைத் திருகிக் குறைந்த அளவில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் கெட்டுவிடும். பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதைச் செய்துதான் கொடுத்திருந்தார்.

அடுத்த மாதம் காரை விற்றார். அதன் பிறகு எல்லோரும் அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் கத்திப் பேசினார்கள். அவர் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினார். கடைசி இரண்டு வருடமும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். முள் வைத்த ரெஞ்ச் ஒன்றைப் பிறகு வாங்கினேன். அதை அவரிடம் கொண்டுபோகத் தைரியம் வரவில்லை.

அண்ணனின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு அலைந்த பிள்ளைகளுக்கும், இரவு பகலாகக் கூட இருந்த அடுக்ககத்து அன்பர்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மதினிக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லாவற்றையும் மதினியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் மன்னிக்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் வருஷாந்திர மலரில் எழுதச் சொன்னார்கள். அதுதான் நிபந்தனை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, நான் சொன்ன அந்த வாக்கியம் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார்கள். "என்ன சொன்னீங்களோ அத அப்படியே போடுங்க தம்பி. அன்னைக்குச் சிரிச்சவுக அத்தன பேரு வீட்டுக்கும் இந்தப் புஸ்தகம் போகுது."

அப்படியே போடுகிறேன். நான் சொன்னது:

"எங்க வீட்டு மெக்கானிக் கையில மட்டும் ஸ்பேனரக் குடுத்துராதீங்க, அவுகளுக்குக் காது செவிடு."