அண்ணியின் புத்தகத்துக்கு ஒரு சாட்சி

மத்தியான மணி அடித்ததும் மற்றப் பெண்கள் கை கழுவ ஓடுவார்கள். பிரிசில்லா லாக்கருக்கு ஓடுவாள். வேலை நேரத்தில் செல்போன் கூடாது என்பது அந்த ஷூ கம்பெனியின் சட்டம். போனை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்கள் நிற்கிற பக்கம் வந்து, சுவரோர நிழலில் உட்கார்ந்து, சோற்று டப்பாவை மடியில் வைத்துக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்வாள். ஆமென் சொன்ன கையோடு திறப்பது போனைத்தான். டப்பா காத்திருக்கும்.

அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பாள். ஒரு நூல் தப்பியிருந்தாலும் விரல் நின்றுவிடும். வெள்ளிப் பேனாவால் அங்கே ஒரு புள்ளி வைப்பாள். திட்டமாட்டாள், குரலும் உயராது. "கண்ணு, இத மட்டும் பிரிச்சித் தச்சிடும்மா" என்பாள். அந்த 'கண்ணு'க்குத்தான் தையல் லைனில் எல்லாரும் பயப்படுவார்கள்.

இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், சம்பளம் கிடையாது. கணியம்பாடிப் பக்கத்து ஏரி ஒன்றை யாரோ வேறு ஊரில் கொண்டுபோய் வைத்திருந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் திருத்தினாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம். "ஊழியம் மாதிரிதான்" என்று சொல்லிக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற சகீனா, தையல் லைன்காரி, அதை ஒத்துக்கொள்ளமாட்டாள். "ஊழியம்னா கடைசில பிரியாணியாச்சும் போடுவாங்கக்கா. உனக்கு பேஜார்தான் மிச்சம்."

பேஜார் வந்தது ஒரு புத்தகத்தால். பிரிசில்லாவின் அண்ணன் சாமுவேலின் மனைவி ஞானசுந்தரி, மேல்விஷாரத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிற வேலையில் இருந்தவர். அந்த வேலையையும் கூட நின்ற பெண்களையும் பற்றி 'சுண்ணாம்பேறிய கைகள்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வாலாஜாபேட்டையில் அச்சடித்துக் கொடுத்தவர் கொஞ்ச காலத்திலேயே கடையை மூடிவிட்டார். இன்றைக்கு அதை வாங்க வழியில்லை. "தொட்டிக்குள்ள நின்னவ கதய எவன் காசு குடுத்து படிப்பான்?" என்று சாமுவேல் அப்போதே கேட்டார். ஞானசுந்தரி மிச்சப் பிரதிகளைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பிரிசில்லா அந்தப் புத்தகத்துக்கு ஒரு கட்டுரை எழுதினாள். 'தேவனுடைய பெரிதான கிருபையால் வெளிவந்த மிக அருமையான நூல்' என்றுதான் தொடங்கினாள். சபையில் சாட்சி சொல்லிப் பழகிய வாய்க்கு வேறு எப்படி வரும்? மறுநாள் அந்த வரியைக் காணோம். 'புகழ்ச்சி நீக்கப்பட்டது' என்று புகழேந்தி என்கிற ஒருவர் குறிப்பு வைத்திருந்தார். வேலூரில் ஏதோ நூலகத்தில் வேலை பார்க்கிற மனுஷன்.

"புகழேந்தின்னு பேர வச்சிக்கினு புகழ்ச்சி கூடாதுன்றாரு பாரேன்" என்று சகீனா விழுந்து விழுந்து சிரித்தாள். பிரிசில்லாவும் சிரித்தாள். சொற்களைச் சீவிச் சீவிக் கட்டுரையைச் சரியாக்கினாள். 'நூலாசிரியர் என் அண்ணி' என்று அந்தத் தளத்தில் தன் பெயருக்குக் கீழே முதல் நாளே எழுதியும் வைத்தாள். மறைக்க என்ன இருக்கிறது?

அதற்கப்புறம் சாமுவேல் மாறிப்போனார். டீக்கடையில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும், "எம் பொஞ்சாதி பேரப் போட்டுத் தேடுப்பா, வருதா பாரு" என்கிறாராம். கட்டிலுக்கடியில் கிடந்த கட்டைப் பிரித்து, போதகர் ஐயாவுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தாராம். ஞானசுந்தரி இதைப் போனில் இரண்டு தடவை சொன்னார்.

அந்த வாரமே கட்டுரையின் தலையில் ஒரு எச்சரிக்கைப் பட்டை விழுந்தது: இந்தப் புத்தகத்தைப் பற்றி வெளி ஆட்கள் இரண்டு பேராவது எழுதியிருக்கவேண்டும், இல்லையென்றால் கட்டுரை நீக்கப்படும். செய்தித்தாளில் வந்த ஒரு மதிப்புரை இருந்தது. இரண்டாவதுக்கு எங்கே போவது? தினமும் அதைப் பற்றி அங்கே வாதம். ஞானசுந்தரியும் வீட்டிலிருந்து அதை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். சகீனா அதற்கு வைத்த பெயர் கோர்ட்டு கேஸ்.

"இன்னாக்கா, இன்னிக்கி தீர்ப்பு தானே?"

"சாயங்காலம் முடிவு பண்றாங்களாம்" என்றாள் பிரிசில்லா. பக்கம் திறந்தது. அவள் கட்டைவிரல் திரையின் மேல் அப்படியே நின்றது.

காலையில் புகழேந்தி எழுதியிருந்தார். ஒரு சபை மாத இதழில் மதிப்புரை ஒன்றைக் கண்டுபிடித்தாராம். 'நூலாசிரியருக்குத் தொடர்பில்லாத வாசகி ஒருவர் எழுதியது. இரண்டாவது சான்று கிடைத்துவிட்டது. கட்டுரையை வைத்துக்கொள்ளலாம்.' அதற்குக் கீழே ஆளாளுக்குச் சரி, சரி என்று எழுதியிருந்தார்கள்.

"தோஸ்த் ஆயிட்டாரே புகழேந்தி! அப்புறம் இன்னாக்கா மூஞ்சி இப்படிப் போவுது?"

"அத எழுதினது நான்டி."

அந்த இதழில் யாரும் பெயர் போடுவதில்லை. மகிமை ஆண்டவருக்கே என்பதால் 'கர்த்தருக்குள் ஒரு சகோதரி' என்று மட்டும் அச்சடிப்பார்கள். புத்தகம் வந்த புதிதில், அண்ணியின் வாடிய முகம் பொறுக்காமல், யாருக்கும் சொல்லாமல் எழுதி அனுப்பியது. ஞானசுந்தரிக்கே தெரியாது. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி படித்து உருகியிருக்கிறாள் என்று இன்றுவரை நம்புகிறார்.

சகீனா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "யாராச்சும் கேட்டாங்களா? நீயா போயி சொன்னியா, வெளி ஆளு எழுதினதுன்னு? அவரா தப்பா எடுத்துக்கினாரு. கம்முனு இரு."

"தச்சவளே தன் பீஸ செக் பண்ணி பாஸ் போட்டா வுடுவாங்களா?"

"ஷூன்னா வெளிநாட்லேர்ந்து ரிட்டர்ன் வரும்க்கா. புக்கு எங்கேர்ந்து ரிட்டர்ன் வரப்போவுது?"

பிரிசில்லா 'மிக்க நன்றி ஐயா' என்று அடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நன்றியே பொய் சொல்வது போல இருந்தது, அழித்தாள். வேலைக்குத் திரும்பும் மணிக்கு அதிக நேரமில்லை. மணி அடித்துவிட்டால் போன் லாக்கருக்குள் போய்விடும். வெளியே வரும்போது தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள். மணி அடிக்கட்டுமே என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் உடம்பு கூசிப்போயிற்று.

"அண்ணன் திரும்ப வாயத் தொறப்பாரு, தெரியுமில்ல?" என்றாள் சகீனா.

"தெரியும்."

'ஐயா, அந்தச் சகோதரி நான்தான். அது வெளி ஆள் சாட்சி ஆகாது. வேறு சான்று என்னிடம் இல்லை. பிரிசில்லா.' கட்டைவிரல் எழுத்துகளின் மேல் ஒரு முறை ஓடியது. அனுப்பும் பொத்தானைத் தொட்டாள். போய்விட்டது.

போனை மடியில் வைப்பதற்குள் அது அதிர்ந்தது. திரையில் 'அண்ணி' என்று வந்தது. சகீனா உதட்டைக் கடித்துக்கொண்டு டப்பாவை மூடினாள். பிரிசில்லா எழுந்து நின்றாள். சேலை முந்தானையை இழுத்து, ஜெபத்துக்கு நிற்கிறவளைப் போலத் தலையில் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள்.