கூவாத சேவலும் மீனாட்சி அக்காவும்

தலவாக்கலை பஸ்ஸிலிருந்து இறங்கிய கடைக்காரர் காசிம் நானா, குடையைக்கூட மடக்காமல் பள்ளிக்கூட வாசலில் நின்று சொன்னார்: "மாஸ்டர், மீனாட்சி தவறிப் போயிட்டா." அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். பிறகு அந்தக் கோழி ஞாபகம் வந்து இருவரும் சிரித்துவிட்டோம். மீனாட்சி அக்காவை அறிந்தவர்கள் எங்களை மன்னிப்பார்கள்.

எங்கள் ஊருக்கு வந்த புது இன்ஸ்பெக்டர், பொலிஸைப் பற்றிய குறைகளைக் கேட்க ஒரு குழு அமைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம். காசிம் நானா ஓர் உறுப்பினர். கொழுந்து பறிக்கும் பெண்கள் சார்பில் மீனாட்சி அக்கா. தமிழைச் சிங்களத்தில் சொல்ல நான்.

"குறை ஏதாவது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமே இல்ல மாத்தயா" என்று தேநீரை உறிஞ்சினார் நானா.

அக்கா எழுந்தார். "எங்க லயத்துக் கருப்பையா, கண்டாக்கு வீட்டுச் சேவலைத் திருடினான்னு மூணு நாளா உள்ள வச்சிருக்கீங்க. அந்தச் சேவலைக் காட்டுங்க."

தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கின் சேவலை அல்ல, கருப்பையா தன் சொந்தச் சேவலைத்தான் தூக்கிப் போனான். ஆனால் வழக்குப் பதிவானால் தோட்டத்தில் பேர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு லயத்தில் தோட்டம் தந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியேற வேண்டியதுதான். எனக்கோ பயம். "தங்கள் சிறந்த சேவையைப் பாராட்டும் இந்த அம்மா, வசதிப்பட்டால்…" என்று சிங்களத்தில் ஆரம்பித்தேன்.

"மாஸ்டர், நான் யாரையும் பாராட்டலீங்களே" என்ற அக்கா, தானே சிங்களத்தில் கேட்டுவிட்டார்.

கான்ஸ்டபிள் வெகுநேரம் கழித்து ஒரு கோழியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பெட்டைக்கோழி. குளிரில் கொண்டை சுருங்கிவிட்டதாகச் சொன்னார்.

"வாலுமா சுருங்கிருச்சு? பரவாயில்லீங்க, காலையில கூவட்டும். அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

சொன்னபடியே உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளை உள்ளே அழைத்துப் போனார். திரும்பியபோது இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்திருந்தது. முந்தின நாள் மதியம் தனக்குப் பரிமாறப்பட்ட தொடை எந்தச் சேவலுடையது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாலைக்குள் கருப்பையா லயத்துக்கு வந்து சேர்ந்தான்.

'குறைகள் எதுவும் இல்லாததால்' அடுத்த மாதமே குழு கலைக்கப்பட்டது. அக்கா மட்டும் முதல் ஞாயிறு தோறும் போய் ஸ்டேசன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கூட்டம்தான் இல்லையே அக்கா?" என்றேன்.

"கூட்டம் இல்லாட்டி என்னங்க மாஸ்டர், பொலிசு இருக்குல்ல?"

அவர் அங்கே இருந்த நேரங்களில் உள்ளேயிருந்து யாருடைய அலறலும் கேட்டதில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த பெஞ்சுதான். போன ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு, நானே தனியாகப் போய் உட்கார்ந்தேன். யாரைப் பார்க்க வந்தாய் என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"உங்களைத்தான்" என்றேன்.