கைப்பிடி மண்

அம்மாவின் மூடிய கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நீடாமங்கலத்துப் பக்கம் வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் வந்த வாரம். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முங்கினாள். தலைக்கு முன்னால் கை வெளியே வந்தது. விரலிடுக்கில் கறுப்பு மண் வழிந்தது. எங்கள் ஊர் வழக்கம் அது. அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் ஒருவரும் ஏற்கமாட்டார்கள், ஒரு பிடி மண்ணோடு எழ வேண்டும். நான் தொட்டுவிட்டதாகக் கத்தும்போதெல்லாம் அம்மா கேட்பது ஒன்றுதான்: "மண்ணு எங்கடி?"

அந்தக் கேள்விதான் பின்னால் என் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது. அந்தமான் பக்கம் ஒரு குட்டித் தீவில், காற்றுக் குடுவையோடு ஆட்களைக் கடலுக்கடியில் அழைத்துப் போகும் ஸ்கூபா வழிகாட்டி வேலைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். தேறினால் வேலை, தவறினால் ஊர் திரும்பி, மாமா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அங்கே பவளப்பாறை ஒரு சுவராக நேரே கீழே இறங்கும். முப்பது மீட்டர் ஆழத்தில் நின்றுவிட வேண்டும், அதற்குக் கீழே உயிருக்கு ஆபத்து என்று பயிற்சியாளர் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். கேட்டேனா? விசிறி விசிறியாய்ப் பவளம், கூட்டங்கூட்டமாய் மஞ்சள் மீன், எதுவும் கண்ணில் தங்கவில்லை. அடி எங்கே, அடி எங்கே என்றே இறங்கினேன். நீலம் கறுத்துக்கொண்டே போனது. நாற்பதைத் தாண்டியபோது பயிற்சியாளர் என் காலைப் பிடித்து இழுத்தார். படகில் ஏறியதும் அவர் சத்தம்கூடப் போடவில்லை. அந்தச் சுவரின் அடியை எவரும் தொட்டதில்லை, நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு, மறுபடி மீறினால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகலாம் என்றார். எனக்கு வெட்கம்; அதைவிட என் மீதே கோபம். மறுநாள் முப்பதில் நின்றேன். வெறுங்கையோடு ஏறுவது பொய் சொல்வது போலவே இருந்தது. ஆனாலும் ஏறினேன், தேறினேன்.

வேலையில் சேருமுன் ஊருக்கு வந்தபோது வீட்டில் விருந்து. பந்தியில் நான் அந்தச் சுவரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, அம்மாவின் அண்ணனான அந்த மாமா கேட்டார்: "அந்தச் செவுத்தோட அடியத் தொட்டியா?" இல்லை என்றேன். "பின்ன என்னத்த முங்குன? இதுக்கா நல்ல எடத்த வேணாங்கற? பேசாம இங்கயே இரு." பந்தியே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்னிடம் எப்போதும் மண் கேட்டவளே அம்மாதானே, இப்போது அவளும் கேட்டுவிட்டால் தொலைந்தேன் என்று பயந்தேன். அம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அடி இருக்கற ஆத்துல மண்ணு கேளுங்க. அடி தெரியாத எடத்துக்குப் போயிட்டு எம்பொண்ணு முழுசா வந்து நிக்கிறா. ஒங்களுக்கு வேற என்ன சாட்சி வேணும்? அவ போவா."

போனேன். இன்று மற்றவர்களை அந்தச் சுவருக்கு அழைத்துப் போவதே என் வேலை. மாமா இன்னும் அதை முங்குவதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகக் கடல் வற்றிவிடாது. அம்மாவுக்குத்தான் முழங்கால் போய்விட்டது. போன ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும், மேல்படியில் உட்கார்ந்து நான் முங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்ததும் பழக்கம் விடாமல் கேட்டாள்.

"மண்ணு எங்கடி?"

வெறுங்கையை விரித்துக் காட்டினேன். "அதான் நான் வந்துட்டேன்ல."

"வந்துட்ட, சரி" என்று அம்மா துண்டை நீட்டினாள். "தலையத் தொவட்டு."