பெரியப்பா கொடுத்துவிட்ட வாள்

எட்டு வயதுவரை நான் கண்ட சாமான்களுக்குள்ளே அழகானது எதுவென்று கேட்டால், தயங்காமல் எங்கள் பெரியப்பாவின் வாள் என்றுதான் சொல்லுவேன்.

பெரியம்மா தலைச்சன், அம்மா கடைக்குட்டி. அதனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலேயே பெரியப்பா முழுதாக நரைத்துப்போயிருந்தார். அப்பா கொழும்பில் வேலை பார்த்தார். அம்மாவும் நானும் வடக்கே, கொழும்புத்துறையில் பெரியம்மா வீட்டோடு இருந்தோம். பெரியப்பா சாரமும் பெனியனுமாகக் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு திரிவார். பார்க்கிறவர்கள் ஓய்வுபெற்ற தபாலதிபர் என்றே நினைப்பார்கள். ஆனால் அவர் இந்த நாட்டு இராணுவத்தில் கப்டனாக இருந்தவர். அது சண்டை தொடங்குவதற்குக் கனகாலம் முந்தி. ஒழுங்கையில் வயதானவர்களுக்கு அது தெரியும். தெரியாதவர்கள்போல இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்ததும் அலுமாரிக்கு மேலிருந்து நீளமான மரப்பெட்டியை இறக்குவார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அது நிபந்தனை. உறையிலிருந்து வாள் வரும்போது ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அலகு முழுக்கக் கொடியும் இலையுமாக வேலைப்பாடு. அதன் நடுவே ஆங்கிலத்தில் பெரியப்பாவின் பெயர், அதற்குக் கீழே அவருடைய படைக் கம்பனியின் சகல ஆட்களும் அன்போடு அளித்தது என்ற வரி. வாள் இங்கிலாந்தில் செய்தது. கைபிடியில் சுற்றியிருப்பது திருக்கை மீனின் தோல் என்று அவர் சொன்ன நாளில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் சந்தையில் துண்டு துண்டாக வெட்டிப்போட்டுக் கிடக்கிற திருக்கை, சீமைக்குப் போய் ராசா வீட்டுச் சாமானாகத் திரும்பி வந்திருக்கிறது என்று நம்பினேன்.

"எத்தினை பேரை வெட்டினீங்கள், பெரியப்பா?"

"உதாலை நான் ஒரு கத்தரிக்காய்கூட வெட்டேல்லை."

அடக்கத்தில் சொல்லுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். உண்மைக் கதை பெரியம்மாவிடம் இருந்தது. தெற்கே ஓர் ஆறு பெருகி ஊர்கள் மூழ்கியபோது, தன் ஆட்களை இறக்கிவிட்டுக் கரையில் நிற்காமல், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கியவர் பெரியப்பாவாம். சிங்களச் சனங்களைக் கூரைகளிலிருந்து பிள்ளை குட்டியோடு தூக்கி வந்தார்களாம். பிறகு அவர் வேலையை விட்டு ஊருக்கு வரும்போது, அந்தக் கம்பனி ஆட்கள் எல்லோரும் சேர்ந்து செய்வித்துக் கொடுத்த வாள் அது. வெள்ளத்துக்கு வாளா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. இரண்டு தலையாவது வெட்டியிருக்கலாம்.

ஒருநாள் காலை எங்கள் ஒழுங்கையை ஆமிக்காரர் சுற்றிவளைத்து வீடுவீடாகச் சோதனை போட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்த ஆமிக்காரன் ஒருவன் அலுமாரிக்கு மேலே கை வைத்தான். பெட்டியைத் திறந்தவன் போட்ட சத்தத்தில் முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் துவக்கோடு உள்ளே ஓடிவந்தார்கள். அம்மா என்னை இழுத்துத் தன் சேலைக்குள் மறைத்தாள். பெரியம்மாவின் உதடுகள் செபத்தில் அசைந்துகொண்டிருந்தன. பெரியப்பாவைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று எனக்குக்கூட விளங்கியது.

அவர்களுடைய அதிகாரி வந்தான். மீசை அப்போதுதான் தடிக்கத் தொடங்கிய வயது. வாளை உருவி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துகளை மெல்ல வாசித்தான். பிறகு பெரியப்பாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். பெரியப்பா பதில் சொன்னார், சிங்களத்திலேயே. அந்த வாயிலிருந்து அந்த மொழி தண்ணீர்போல ஓடியதை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். வீட்டுக்குள் இன்னொரு ஆள் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல்.

அதிகாரி மற்றவர்களை வெளியே போகச் சொன்னான். வாளை மேசையில் வைத்தான். பிறகு நேரே நிமிர்ந்து நின்று பெரியப்பாவுக்குச் சல்யூட் அடித்தான்.

பெரியப்பாவின் கை எழவில்லை. ஆனால் ரப்பர் செருப்புப் போட்ட கால்கள் இரண்டும் தாமாக ஒன்றுசேர்ந்தன. சாரத்தோடும் பெனியனோடும் நின்ற அந்த மனிதர் கூரையைத் தொடுகிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டதுபோல எனக்கு இருந்தது.

அதிகாரி வாளை உறையில் போட்டு அவரிடமே நீட்டினான். பெரியப்பா வாங்கவில்லை. தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் இல்லையென்று தலையாட்டினான். இவர் திரும்பவும் சொன்னார். "கெனியன்ன, புத்தா." புத்த பகவானைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கொண்டுபோ, மகன் என்று அதற்கு அர்த்தம் என்பதை வேலைக்குப் போய்ச் சிங்களம் படித்தபோதுதான் அறிந்தேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி சரியென்று தலையசைத்தான்.

பெரியப்பா வாளை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசல் படலைவரை நடந்தார். ஒழுங்கையின் இரு பக்கமும் வேலி இடுக்குகளில் கண்கள். அங்கே நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற குரலில், தமிழில் சொன்னார்:

"என்ரை வாழ்க்கையிலை மிஞ்சின ஒரு சாமான் உது. உதையும் விட்டுவைக்க மாட்டியள். கொண்டு போங்கோ."

அதிகாரி வாளைப் பறிப்பதுபோல வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒருதரம்கூடத் திரும்பிப் பாராமல் போனான். உள்ளே சல்யூட் அடித்தவன் வெளியே கள்ளனாகிவிட்டான் என்று அவனை அன்று முழுக்க வெறுத்தேன். கேட்காமலே தூக்கிக் கொடுத்த பெரியப்பாவிலும் கோபம். அவர் கத்தரிக்குத் தண்ணீர் கட்டப் போனார். ஒரே பாத்தியில் தண்ணீர் நிரம்பி வழிந்து முற்றம்வரை ஓடியது. அவர் வாய்க்காலைத் திருப்பவேயில்லை.

பொழுதுபடச் சனங்கள் வரத் தொடங்கினார்கள். செத்தவீட்டுக்கு வருவதுபோல வந்து, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். "ஒரு வயசுபோன மனிசன்ரை வாளைக் கொண்டுபோய் உவங்கள் என்ன செய்யப் போறாங்கள்" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா மீன்குழம்பு கொண்டுவந்து தந்தாள். ஆமி சல்யூட் அடிச்சது என்று சொல்ல நான் வாயெடுத்தபோது அம்மா என் தொடையில் கிள்ளியது இன்றைக்கும் வலிக்கிறது.

அந்த மாதம் முழுவதும் எங்கள் ஒழுங்கையில் முகம் தெரியாத இயக்கப் பெடியள் பொழுதுபட்டதும் சைக்கிளில் வந்து, ஆமியோடு கதைத்தவர்கள் யார் என்று சில வீடுகளில் விசாரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் படலையில் ஒருவரும் மணியடிக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். ஊருக்கே அந்த வாளில் அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.